கட்டுமரம் டென்மார்க் போன வழி

டென்மார்க் ஒரு தீவு நாடு என்றே சொல்லிவிடலாம். யூட்லாந்து என்னும் தீபகற்பமும் நானூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளும் சேர்ந்ததே அந்நாடு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போக நாம் பேருந்து ஏறுவதுபோல அங்கே கப்பல் ஏறுவார்கள். ஆர்ஹூஸ் நகருக்கும் ஷேலாந்துத் தீவின் ஓடன் துறைக்கும் இடையே 2012-ஆம் ஆண்டு புதிய பயணிகள் கப்பல் ஒன்று விடப்பட்டது. நீளம் 112 மீட்டர். ஆயிரம் பயணிகளையும் நானூறுக்கு மேற்பட்ட கார்களையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அதற்கு இட்ட பெயர் 'கட்எக்ஸ்பிரஸ்'.

டேனிஷ் மொழியில் 'கட்' என்றால் பூனை. ஆனால் இந்தப் பெயரில் உள்ள 'கட்' பூனையன்று. அது 'கடமரான்' என்ற டேனிஷ் சொல்லின் முதற் பகுதி. இரண்டு உடல்களை அருகருகே வைத்து மேலே ஒரு தளத்தால் இணைத்த கலத்துக்கு அம்மொழியில் கடமரான் என்று பெயர். சொல்லைக் கேட்டவுடனேயே தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். கட்டுமரம்! அந்தக் கப்பலின் பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் எழுதப்பட்டிருந்தது நம்முடைய 'கட்டு' என்னும் வினைச்சொல்தான்.

சரி, இச்சொல் டென்மார்க்குக்கு எப்படிப் போயிற்று?

இக்கேள்வியைக் கேட்டால் வரலாறு படித்த மாணவர் உடனே விடை சொல்வார். டேனிஷ்காரர்கள் தமிழகத்தில் இருந்தவர்களாயிற்றே! தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் ஓவே கெட்டே என்ற கடற்படைத் தலைவர் உடன்படிக்கை செய்துகொண்டார். தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியதும், பின்னர் அங்கே தமிழ் அச்சுக்கூடம் அமைந்ததும் நாம் அறிந்தவை. 1845-இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் தங்கள் இந்தியக் குடியிருப்புகளை விற்றுவிட்டு அவர்கள் வெளியேறினார்கள். ஆக 225 ஆண்டுகள். தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளியே நிற்கும். அலையைக் கடந்து கரைசேர உள்ளூர்க் கலங்கள்தாம் கதி. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுமரத்தைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் அச்சொல்லைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றார்கள் என்பதில் என்ன ஐயம்?

விடை அழகாக இருக்கிறது. ஆனால் அழகாக இருப்பது மட்டும் ஒரு விடைக்குப் போதாது. ஆய்வகத்தில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் பாய்ந்தது என்று நாம் முடிவு கட்டுவதில்லை. சொல் ஆராய்ச்சியிலும் அப்படித்தான். இதை உலகுக்கு முதலில் வற்புறுத்திச் சொன்னவர்களுள் ஒருவரே ஒரு டேனிஷ்காரர் என்பது சுவையான செய்தி. ராஸ்முஸ் ராஸ்க் என்பது அவர் பெயர். வாணிகத்தால் சொற்கள் மொழிவிட்டு மொழி எளிதில் தாவும், ஆகவே சொல் ஒற்றுமையை மட்டும் கொண்டு உறவு பேசக்கூடாது, இலக்கணத்தையும் ஒலிமாற்ற ஒழுங்கையும் பார்க்கவேண்டும் என்று 1818-இல் வெளியான நூலில் அவர் எழுதினார். பின்னர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையான கொழும்பில் 1821-இல் சிங்கள எழுத்து பற்றி டேனிஷ் மொழியில் ஒரு நூலையும் அச்சிட்டார். நம் சொல்லையும் ராஸ்க்கின் கண்ணோடு பார்ப்போம்.

முதலில் பொருளைப் பார்க்கவேண்டும். கட்டுமரம் என்பது என்ன?

தூத்துக்குடிக் கடற்கரையில் பல வகைக் கலங்கள் இருந்தன. முத்துக் குளிக்கவும் சங்கு எடுக்கவும் பாய் விரித்துச் சென்றது வள்ளம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றது தோணி. இவை இரண்டும் குழிந்த உடலும் பலகை அடைப்பும் உடையவை. கட்டுமரம் வேறு இனம். அதற்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. எடைகுறைந்த மென்மரத் துண்டுகள் மூன்றோ ஐந்தோ ஏழோ எடுத்து, முனைகளைச் செதுக்கி மேல்நோக்கி வளைவு கொடுத்து, கயிற்றால் இறுகக் கட்டிவிட்டால் தீர்ந்தது. அலை மேலே ஏறி வந்தாலும் இடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடும். நிரம்புவதற்கு உட்குழி இல்லாததால் மூழ்குவதற்கும் வழியில்லை. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

ஆணி அடிக்காமல் ஏன் கட்டினார்கள்? இதற்கு இயற்பியல் விடை உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள மூன்று மரங்கள் என்று கொள்வோம். மொத்தக் கன அளவு ஏறத்தாழ 1.27 கன மீட்டர். முழுதும் அமிழ்ந்தால் அவை வெளியேற்றும் கடல்நீரின் எடை சுமார் 1,300 கிலோகிராம். உலர்ந்த மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 400 கிலோகிராம் என்றால் மரத்தின் எடை சுமார் 510. மீதி 790 கிலோகிராம் வரை ஆளும் வலையும் மீனும் ஏற்றலாம். ஆனால் மரம் நீரைக் குடிக்கும். ஊறிப்போய் அடர்த்தி 700 ஆகிவிட்டால் மரமே 890 கிலோகிராம் ஆகிறது. சுமக்கும் திறன் 410-க்கு இறங்கிவிடுகிறது, அதாவது ஏறத்தாழப் பாதி! ஆகவே கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் கிடத்தி உலர வைத்தார்கள். தனித்தனி மரம் என்றால் இரண்டு பேர் தோளில் தூக்கிப் போகவும் முடியும். மேலும், கரையருகே அலை மோதும்போது ஆணியடித்த இணைப்பு விட்டுப்போகும். கயிற்றுக் கட்டோ சற்றே நெகிழ்ந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

தமிழாசிரியர்கள் 'கட்டுமரம்' என்பதை வினைத்தொகை என்பார்கள். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று முக்காலத்துக்கும் பொருந்தும். நேற்றும் கட்டி, இன்றும் கட்டி, நாளையும் கட்டப்போகிற ஒரு கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

இனி இந்தப் பெயர் ஐரோப்பியரின் காதில் விழுந்த வரலாறு. காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து நகை வணிகர் 1583-இல் சென்னைக்கு அருகிலுள்ள சாந்தோம் கரையில் ஏழு மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலங்களைப் பார்த்தார். ஐந்து மரம் அடித்தளம், நடுமரம் மற்றவற்றைவிட நீளம் என்றெல்லாம் நுணுக்கமாகவே குறித்திருக்கிறார். அவர் எழுதிய பெயர் 'கட்டமெரோனி'. 1673-இல் இப்பக்கம் வந்த ஜான் ஃபிரையர் என்ற ஆங்கில மருத்துவரும், 1697-இல் தம் உலகப் பயண நூலை வெளியிட்ட வில்லியம் டாம்பியரும் 'கட்டமரான்' என்ற வடிவில் எழுதினார்கள். சோழமண்டலக் கரையில் ஒன்றிரண்டு மரங்களே கொண்ட சிறு கலங்களில் ஆள் பாதி நனைந்தபடி உட்கார்ந்து செல்வதை டாம்பியர் வியப்போடு சொல்கிறார்.

இங்கே இரண்டு ஒலி மாற்றங்களை வாசகர் குறித்துக்கொள்ளவேண்டும். 'டு' என்பதில் உள்ள உகரம் போய் அகரம் வந்துவிட்டது. இறுதி மகரம் னகரமாகிவிட்டது. இவை சொல்லின் உடம்பில் விழுந்த தழும்புகள். இத்தழும்புகள் இரண்டும் டேனிஷ் 'கடமரான்' சொல்லில் அப்படியே இருக்கின்றன. தரங்கம்பாடி மீனவர் வாயிலிருந்து நேரே போயிருந்தால் அதே இரண்டு இடங்களில் அதே மாற்றம் நேர்ந்திருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு வழங்கிவிட முடியாது. அக்காலத்து ஐரோப்பியர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவர்கள். தீர்ப்பு வழங்குவது ஒலியன்று, பொருள்.

ஆங்கிலத்துக்குள் போன பின் இச்சொல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. 1804 அக்டோபரில் பிரான்சின் பூலோன் துறையில் நின்ற நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் வெடிமருந்து நிரப்பிய மிதவைப் பெட்டிகளை அனுப்பினார்கள். அவற்றைச் செய்து கொடுத்தவர் ராபர்ட் ஃபுல்ட்டன். பின்னாளில் நீராவிக் கப்பலால் புகழ்பெற்ற அதே ஃபுல்ட்டன்தான். நீர்மட்டத்தோடு ஒட்டி மிதந்த அந்த வெடிகலங்களுக்கும் 'கட்டமரான்' என்றே பெயர். முயற்சி பெரிதாகப் பலிக்கவில்லை. இதைவிட வேடிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் இச்சொல்லால் குறித்தார்கள். சொல்லின் தொடக்கத்தில் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற ஒலி இருந்ததுதான் காரணம் என்பர். பாவம், நம் பரதவரின் கலத்துக்கும் பூனைக்கும் என்ன தொடர்பு!

திருப்பம் நேர்ந்தது 1876-இல், நியூயார்க்கில். அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டு விழாவையொட்டி ஜூன் மாதத்தில் பாய்ப்படகுப் போட்டி நடந்தது. நத்தானியல் ஹெரஷாஃப் என்ற 28 வயது இளைஞர் 'அமரில்லிஸ்' என்ற விசித்திரமான படகைக் கொண்டுவந்தார். ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவே ஓர் இணைப்பு. மற்றப் படகுகளை எல்லாம் அது வெகு எளிதாகப் பின்தள்ளியது. தோற்றவர்கள் முறையிட்டார்கள். இது படகே அல்ல என்று போட்டியிலிருந்து விலக்கியும்விட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே ஹெரஷாஃப் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்த இனப் படகுக்கு 'கேட்டமரான்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இரட்டை உடலின் சிறப்பு என்ன? ஓடும் பேருந்தில் கால்களைச் சேர்த்து நிற்பவர் தடுமாறுகிறார், அகட்டி நிற்பவர் நிலையாக நிற்கிறார். அதே தத்துவந்தான். சாயும் கலத்தை நிமிர்த்தும் திறன் இரு உடல்களுக்கிடையே உள்ள தொலைவின் இருமடியைப் பொறுத்தது. தொலைவை இரட்டித்தால் நிமிர்த்தும் திறன் நான்கு மடங்காகும். நிலைப்புக்காகக் கலத்தை அகலமாகச் செய்யவேண்டியதில்லை என்றான பிறகு ஒவ்வோர் உடலையும் கத்திபோல ஒல்லியாகச் செய்யலாம். ஒல்லியான உடல் அலை எழுப்புவது குறைவு, அலை எழுப்ப வீணாகும் ஆற்றலும் குறைவு. வேகத்தின் இரகசியம் இதுவே. ஒரு குறையும் உண்டு. முழுதாகக் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே நிலைப்புடன் கிடக்கும்! இந்த இடத்தில் நம் கட்டுமரமே மேல்.

ஆகக் கட்டுமரமும் கடமரானும் பெயரில்தான் ஒன்று. அமைப்பில் வேறு வேறு. நம்முடையது மரங்களை இடைவெளியின்றி ஒட்டிக் கட்டிய மிதவை. அது இடைவெளியையே உயிராகக் கொண்ட இரட்டைப் படகு. இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "இரட்டை உடல் கப்பலை உலகுக்குத் தந்தவன் தமிழன்" என்று மேடைகளில் பேசுகிறார்கள், மாணவர்களும் கட்டுரைப் போட்டிகளில் எழுதுகிறார்கள். பெயர் தமிழ் என்பது உறுதி. அமைப்பு அப்படியன்று. பசிபிக் பெருங்கடலின் பாலினேசிய மக்கள் இரண்டு ஓடங்களை இணைத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து தீவு தீவாகக் குடியேறியவர்கள். இங்கிலாந்தில் வில்லியம் பெட்டி என்ற அறிஞர் 1662-லேயே இரட்டை உடல் கப்பல் கட்டிப் பார்த்தார். பாலினேசியர் அமைப்புக்குச் சோழமண்டலக் கரையின் பெயர் போய் ஒட்டிக்கொண்டது என்பதே உண்மை. பிறர் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டிய தேவை நமக்கில்லை. மூழ்கவே முடியாத கலம் ஒன்றை நான்கு முழக் கயிற்றால் உண்டாக்கிய கடலோர மக்களின் அறிவு தன்னளவிலேயே போதுமான பெருமை.

இப்போது டென்மார்க்குக்குத் திரும்புவோம். இன்றைய டேனிஷ் மொழியில் கடமரான் என்றால் இரட்டை உடல் கலம். அந்தப் பொருள் பிறந்தது 1876-ஐ ஒட்டி, அமெரிக்காவில். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை விட்டுப் போனது 1845-இல். முப்பத்தொரு ஆண்டு இடைவெளி! 1845-இல் வெளியேறியவர்கள் 1876-இல் பிறந்த பொருளைத் தம் பெட்டியில் எடுத்துச் சென்றிருக்க முடியாதல்லவா? கதிரியக்கத் தனிமத்தைக் கலந்துவிட்டு அது குழாயில் எவ்வழியே போகிறது என்று பார்ப்பதுபோல, பொருள் மாற்றம் இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்தோடு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா, அங்கே புதுப் பொருள், பிறகு படகு விளையாட்டு வழியே டேனிஷ். டேனிஷ் அகராதிகளும் இதையே சொல்கின்றன: ஆங்கிலத்திலிருந்து வந்தது, மூலம் தமிழ். தஞ்சைக் கரையில் 225 ஆண்டு இருந்தவர்கள், அக்கரையின் சொல்லைக் கடைசியில் உலகைச் சுற்றி அயலார் வழியாகவே பெற்றார்கள்.

போன இடத்தில் சொல் மேலும் உடைந்தது. 1940-களில் மூன்று உடல் கொண்ட படகுகள் வந்தபோது விக்டர் செட்செட் என்ற அமெரிக்கப் படகமைப்பாளர் மூன்றைக் குறிக்கும் 'ட்ரை' என்பதோடு 'மரான்' என்பதைச் சேர்த்து 'ட்ரைமரான்' என்றார். 'கடமரான்' என்பதில் 'கட' என்றால் இரண்டு, 'மரான்' என்றால் உடல் என்று எண்ணத் தோன்றும் வகையில் சொல் பிளந்துபோயிற்று. ஒருபக்கம் மரம் தனியே நீந்துகிறது, மறுபக்கம் கட்டு தனியே 'கட்எக்ஸ்பிரஸ்' ஆயிற்று. டென்மார்க்கின் குவோர்னிங் படகுத்துறை 'டிராகன்ஃபிளை' என்ற பெயரில் கட்டும் மூன்றுடல் பாய்ப்படகுகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை டேனிஷ்காரர் 'ட்ரிமரான்' என்று அழைக்கும்போது, கயிறும் இல்லாத, மரமும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் கலத்தில் நம் 'மரம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம். "ஐயா, எங்கள் கரையிலிருந்து இரண்டாயிரம் ஆண்டாக வெளிநாடு போனது முத்து அல்லவா? கொற்கை முத்தைக் கிரேக்க மாலுமிகளே எழுதிவைத்தார்களே. அந்தச் சொல் ஏன் போகவில்லை?" நல்ல கேள்வி. முத்துக்கு டேனிஷ் மொழியில் 'பெர்லே' என்று பெயர். அது இலத்தீன் வழியில் வந்தது. 1972 முதல் 2024 வரை டென்மார்க்கை ஆண்ட அரசி மார்கரேத்தாவின் பெயருக்கும் முத்து என்பதே பொருள். ஆனால் அது கிரேக்கரின் 'மார்கரித்தேஸ்', ஈரானிய மொழியொன்றிலிருந்து அவர்கள் பெற்றது என்பர். பாரசீக வளைகுடா முத்து முன்னமே மேற்கே போய்விட்டது. பெயரும் கூடவே போய்விட்டது. நம் முத்து போய்ச் சேர்ந்தபோது அதற்கு நாற்காலி காலியாக இல்லை. கட்டுமரத்தின் கதை வேறு. அப்படியொரு கலத்தை அந்த ஐரோப்பியர் கண்டதில்லை. பெயரில்லாத பொருள் தன் பெயரைத் தானே சுமந்து சென்றது. மன்னர் முடியில் ஏறிய முத்தைவிட மணலில் உலர்ந்த மரத்துக்கு மொழி உலகில் அதிகப் பயணம் கிடைத்தது இப்படித்தான். டேனிஷ் மொழியில் உள்ள 'கரி', 'டீக்', 'செருட்', 'கொருண்ட்' ஆகியவையும் இவ்வாறே பல கைமாறிப் போனவை. நம் கறி, தேக்கு, சுருட்டு, குருந்தம் ஆகியவையே அவை. வைரத்துக்கு அடுத்த கடினத்தன்மை கொண்ட கனிமமாகப் பாடப்புத்தகத்தில் வருகிறதே கொருண்டம், அதுவும் இந்தக் குருந்தந்தான்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று 1820-இல் கண்டறிந்த டேனிஷ் அறிஞர் ஓர்ஸ்டெட் சொல்லாக்கத்திலும் ஆர்வம் கொண்டவர். ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் தாய்மொழிச் சொல் வேண்டும் என்று கருதி, தீயைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'இல்ட்' என்றும், எரிதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பிரின்ட்' என்றும் ஆக்கித் தந்தார். இன்றும் டேனிஷ் மொழியில் அவை வழங்குகின்றன. அவ்வளவு சொல்வளம் உள்ளவர்களும் கடமரானை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். பொருளும் பெயரும் சேர்ந்தே வந்து இறங்கினால் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை போலும்.

இதற்கிடையே நம் கரையில் பொருள் மறைந்துகொண்டு வந்தது. இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகள் பரவின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக அவை ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. மரங்களை உலர்த்தவும் அவிழ்த்துக் கட்டவும் வேண்டியதில்லை என்றானபோது அந்தக் கைத்திறனுக்கும் அதைச் சார்ந்த சொற்களுக்கும் வேலை குறைந்தது. முத்துக்குளிப்பும் 1961-உடன் நின்றுவிட்டது. அந்தந்தக் கட்டுக்கும் முடிச்சுக்கும் செதுக்கலுக்கும் பெரியவர்கள் வழங்கும் பெயர்களைக் கடலோரத்து மாணவர்கள் இப்போதே கேட்டு எழுதிவைப்பது நல்லது. அவை டேனிஷ் அகராதியில் கிடைக்கமாட்டா.

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த அரசு விழாவிலிருந்து காணொளி வழியே ஒரு புதிய கலம் தொடங்கி வைக்கப்பட்டது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான, ஹைட்ரஜன் எரிமக் கலனால் ஓடும் பயணிகள் படகு அது. 24 மீட்டர் நீளம், 50 பேர் அமரலாம், உடல் இரண்டு. ஆங்கிலக் குறிப்பில் அதை 'கேட்டமரான்' என்றார்கள். இதைத் தமிழில் எழுதும்போது என்ன சொல்வது? கட்டுமரம் என்றால் நம் கடற்கரையில் சிரிப்பார்கள். கேட்டமரான் என்றால் நம் சொல்லையே நாம் கடன் வாங்கியதாகும். இரட்டை உடற்கலம் என்பது என் விருப்பம். வாசகர்களுக்கு இதைவிட நல்லதொன்று தோன்றலாம்.